சிறுவர் ஆடும் விளையாட்டும் பின்னால் ஓடும் கணக்கும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைப்பேசி விளையாட்டுகளைப் பற்றிய விவாதம் எழும்போதெல்லாம் பேச்சு ரம்மியில் தொடங்கி ரம்மியிலேயே முடிந்துவிடுகிறது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றித் தடை செய்தபின், மற்றவற்றால் பாதகமில்லை என்ற நினைப்பு பெற்றோர் பலரிடம் காணப்படுகிறது. விளையாட்டுச் செயலி நிறுவனமொன்றின் தரவுப் பகுப்பாய்வுப் பிரிவில் சில ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் எனக்கு அந்த நிம்மதி இல்லை.

எந்த நிலை, எத்தனையாவது முயற்சி, எத்தனை நொடி, எந்த இடத்தில் வெளியேறினார் என்று ஆடுபவரைப் பற்றிய பதிவுகள் இடைவிடாமல் சர்வருக்குப் போய்க்கொண்டிருக்கும். செயலியை நிறுவியவர்களில் மறுநாளும் ஏழாம் நாளும் முப்பதாம் நாளும் திரும்பி வந்தவர் எத்தனை பேர் என்பதே காலையில் நாங்கள் முதலில் பார்க்கும் கணக்கு. இதனால் நன்மையும் உண்டு. ஒருமுறை, பயிற்சிப் பகுதியின் நான்காவது படியில் ஆட்கள் கொத்துக்கொத்தாக வெளியேறுவது அட்டவணையில் தெரிந்தது. விளையாட்டு பிடிக்கவில்லை போலும் என்றே எண்ணினோம். விலை குறைந்த, சிறிய திரையுள்ள கைப்பேசியொன்றில் ஆடிப் பார்த்தபோதுதான், 'அடுத்து' என்னும் பொத்தான் திரையின் அடிவிளிம்புக்குக் கீழே மறைந்திருப்பது புலப்பட்டது.

ஆனால், 'உயிர்கள்' எனப்படும் ஆட்ட வாய்ப்புகள் தீர்ந்து, ஒரே நகர்வில் வெற்றியைத் தவறவிட்டவருக்கு எந்த நொடியில் கூடுதல் உயிர்களைச் சலுகை விலையில் காட்டினால் வாங்குவார் என்பதும் அதே அட்டவணையைக் கொண்டே முடிவு செய்யப்பட்டது. ஒரே நிலையைப் பாதிப் பேருக்குக் கடினமாகவும் மீதிப் பேருக்கு எளிதாகவும் கொடுத்து, எந்தப் பக்கம் வசூல் கூடுகிறது என்று பார்ப்போம். தம்மை வைத்துச் சோதனை நடப்பது ஆடுபவருக்குத் தெரியாது. அவருக்கு வயது பன்னிரண்டா நாற்பதா என்பது எங்களுக்கும் தெரியாது, பள்ளி விடும் நேரத்தில் வரைபடம் மேலேறுவதைக் கண்டு ஊகித்துக்கொண்டதைத் தவிர.

ஃபோர்ட்நைட் விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனம், சிறுவர்களின் தரவைப் பெற்றோர் ஒப்புதலின்றித் திரட்டியது, குழப்பமான பொத்தான் அமைப்பால் வேண்டாதவற்றை வாங்க வைத்தது ஆகிய புகார்களுக்காக, 2022 டிசம்பரில் 52 கோடி டாலர் செலுத்த அமெரிக்க அரசிடம் ஒப்புக்கொண்டது. நமது டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இன் 9-ஆம் பிரிவும் 18 வயதுக்குட்பட்டோரின் நடத்தையைக் கண்காணிப்பதைத் தடுக்கிறது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, நிறுவனங்களுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டுள்ளது.

இச்சட்டத்தைச் செயல்படுத்தும் தரவுப் பாதுகாப்பு வாரியம் நிறுவனங்களின் தனியுரிமை அறிக்கைகளைப் படிப்பதோடு நின்றுவிடக் கூடாது என்பதே என் வேண்டுகோள். யாருக்கு எதைக் காட்டுவது, எந்த எண் கூடினால் வெற்றி என்று ஒவ்வொரு சோதனைக்கும் முன்பே எழுதிவைக்கும் வழக்கம் இத்துறையில் உண்டு. கேட்டு வாங்க வேண்டியவை அந்தக் குறிப்புகளே.

இங்ஙனம்,
முன்னாள் தரவுப் பகுப்பாய்வாளர்,
கோயம்புத்தூர்.