கழுவிக் காய்ந்த பிளாஸ்டிக் பைகள் சாலைக்குப் போகட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், ஆயர் ஈத்தாமில் நாங்கள் குடியிருக்கும் லோரோங்கில் (சந்தில்) ஒட்டுப்போட்ட குழி ஒன்று, ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் வாய் திறந்துகொள்கிறது. கல்லுக்கும் தாருக்கும் இடையில் நீர் புகுந்து பிடிப்பைத் தளர்த்துவதே இதற்கு முக்கியக் காரணம். அந்தப் பிடிப்பை இறுக்க மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் இராஜகோபாலன் வாசுதேவன் கண்ட வழியை நம் மாநிலம் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

பிளாஸ்டிக் பைகளையும் உறைகளையும் சிறு துண்டுகளாக நறுக்கி, ஏறத்தாழ 160 பாகை செல்சியஸ் வரை சூடேற்றிய சரளைக் கல்லின்மீது தூவினால், அவை உருகி மெல்லிய படலமாகப் படிந்துவிடுகின்றன; அதன்பின் தார் ஊற்றிக் கலக்கும்போது, நீரை உள்ளே விடாத அந்தப் படலத்தைத் தார் இறுகப் பற்றிக்கொள்கிறது. தாரின் எடையில் 6 முதல் 8 விழுக்காடு பிளாஸ்டிக் சேர்க்கலாம் என்று இந்தியச் சாலைப் பேரவை 2013இல் வழிகாட்டியும் வெளியிட்டது. பெரிய புதிய ஆலை எதுவும் தேவையில்லை என்பதுதான் இம்முறையில் என்னை மிகவும் கவர்ந்தது.

ஆனால் குழாய்களிலும் மின்கம்பி உறைகளிலும் இருக்கும் பி.வி.சி. என்ற பிளாஸ்டிக்கை மட்டும் கலக்கவே கூடாது. சூட்டில் அது நச்சு வாயுவை வெளியிடும். அதை முதலில் சுவாசிப்பவர்கள் வெயிலில் நின்று சாலை போடும் தொழிலாளர்கள். ஆகவே, எல்லாம் வீட்டில் பிரிப்பதில்தான் இருக்கிறது. பினாங்கில் 2016 ஜூன் முதல் குப்பையைப் பிரிப்பது கட்டாயம் என்றாலும், குழாய்த் துண்டும் மின்கம்பி உறையும் கறிக்குழம்பு ஒட்டிய பையும் இன்னும் ஒரே மூட்டையில்தான் போகின்றன. பழைய பொருள் வாங்குபவர்கள் வேண்டாமென ஒதுக்கும் மெல்லிய பைகளே இந்தச் சாலைக்கு உகந்தவை. அவற்றைக் கழுவி உலர்த்தித் தனியே வைப்பது நம் கையில் உள்ளது.

தேய்ந்துபோகும் சாலையிலிருந்து நுண்துகள்கள் சாக்கடை வழியாகக் கடலைச் சேருமோ என்ற அச்சமும் நியாயமானதே. அதனால் நெடுஞ்சாலையில் தொடங்காமல், ஒரு கார் நிறுத்துமிடத்திலோ சிறிய லோரோங்கிலோ முதலில் போட்டு, ஒரு மழைக்காலம் முழுவதும் அங்கிருந்து வழியும் நீரைச் சோதித்து, முடிவைப் பொதுமக்களுக்கு அறிவிக்க வேண்டும்.

தைப்பூசத்தன்று ஜாலான் கெபுன் பூங்காவின் தண்ணீர்ப்பந்தல்களில் குவியும் பிளாஸ்டிக் குவளைகளையும் பைகளையும் தரம் பிரித்து அச்சோதனைக்குக் கொடுக்க, எங்கள் குடியிருப்பிலிருந்து தொண்டர்களைத் திரட்டித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு