அந்தக் கொட்டேஷனுக்குப் பணம் கட்டாதே

பாபநாசம்

அன்புள்ள வசந்தி,

வீட்டில் கார் சார்ஜர் மாட்ட உனக்குக் கொடுத்த கொட்டேஷன் வந்தது. பிரபு அனுப்பிய படங்களையும் பார்த்தேன். போனில் சொன்னால் பாதியிலேயே "சரி சரி, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். அவருக்கு முழங்கால் வலி பரவாயில்லை. மாமியார் உன்னை விசாரித்தார், உன்னைவிட உன் வத்தக்குழம்பை அதிகமாக விசாரித்தார். பங்கஜம் டீச்சர் மறுபடியும் வீடு மாற்றிவிட்டார். அந்தக் கதைக்குத் தனிக் கடிதம் வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். அந்த 7.2 கிலோவாட் பெட்டியை வாங்காதே. நீ வாங்கியிருப்பது 2020-இல் வந்த நெக்ஸான் ஈவி என்கிற மின்சாரக் கார். அதற்குள் இருக்கும் சார்ஜரே 3.3 கிலோவாட்தான். சுவரில் மாட்டுகிற பெட்டியைச் சார்ஜர் என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் அது காரோடு பேசி, எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, கரண்டைத் திறந்துவிடுகிற ஒரு சுவிட்சு, அவ்வளவுதான். லைனில் வருகிற ஏசி கரண்டை, பேட்டரிக்கு வேண்டிய டிசியாக்கி ஏற்றுகிற வேலை காருக்குள் நடக்கிறது. சுவரில் எவ்வளவு பெரிய பெட்டி வைத்தாலும் உன் கார் தன்னால் முடிந்த 3.3-ஐத்தான் இழுக்கும். அறுபதாயிரத்துச் சொச்சம் கொடுத்தும், ஒரு நல்ல 15 ஆம்பியர் பிளக்கில் ஏறுவதைவிட ஒரு நிமிஷம்கூடக் குறையாது. இதைச் சொல்லாமல் விலைப்பட்டியலை நீட்டியவர்கள் மேல் எனக்கு நிஜமாகவே கோபம்.

அப்படியென்றால் ஏன் ராத்திரி முழுக்க ஏறியும் காலையில் குறைவாக இருக்கிறது என்று கேட்பாய். பிரபு அனுப்பிய படத்திலேயே பதில் இருக்கிறது. காரோடு வந்த அந்தக் கைச்சார்ஜரில் 8 ஆம்பியர் என்று வைத்திருக்கிறான். 16-இல் வைத்தால் பிளக் சுடுகிறது என்று குறைத்தானாம். நல்ல பிள்ளை, அந்தப் புத்தியாவது இருந்தது. ஆனால் 8 ஆம்பியர் என்றால் 1.7 கிலோவாட்தான். மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் போய்வர எண்பது கிலோமீட்டர் போல. உன் காருக்கு யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் என்று வைத்து, ஏறும்போது போகிற சேதாரத்தையும் சேர்த்தால் 13 யூனிட் வேண்டும். 8 ஆம்பியரில் அதற்கு ஏழரை மணி நேரம் ஆகும். கார் இழுக்கக்கூடிய 15 ஆம்பியர் முழுசாக ஏறினால் நாலு மணி நேரம் போதும். ராத்திரி பத்து மணிக்குப் போட்டால் இரண்டு மணிக்கு முடிந்துவிடும். அம்மாவை விடியற்காலையில் டயாலிசிஸுக்கு ஏற்றிக்கொண்டு கிளம்பலாம். உனக்கு வேண்டிய வேகம் இதுதான். அதற்குப் பெட்டி தேவையில்லை, ஒரு நல்ல லைன் போதும்.

இனிமேல் சொல்வதைக் கொஞ்சம் பொறுமையாகப் படி வசந்தி.

போன மாதம் மாயவரத்தில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். அவனும் கார் வாங்கியிருக்கிறான். பழைய கீசர் பாயின்டில் சொருகித் தினமும் சார்ஜ் போடுகிறான். ஒரு மாதிரித் தீய்ந்த வாடை அடித்ததே என்று பிளக்கை உருவச் சொன்னேன். வரவில்லை. அசைத்து அசைத்து உருவியபோது பின்னோடு சாக்கெட்டின் வாயும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு வந்தது. வெள்ளைப் பிளாஸ்டிக் தேன் நிறத்துக்கு மாறி, நியூட்ரல் ஓட்டைப் பக்கம் உருகி மடிந்திருந்தது. பின்னால் கழற்றினால் டெர்மினல் ஸ்க்ரூ விரலாலேயே சுற்றுகிறது. தளர்ந்த இடத்தில் ஓமில் பத்தில் ஒரு பங்கு தடை இருந்தாலே போதும், 15 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரே புள்ளியில் 22 வாட் சூடு வரும். ஒரு சால்டரிங் அயர்னைச் சாக்கெட்டுக்குள் சொருகி ராத்திரி முழுக்க மறந்துவிட்ட மாதிரி. கீசர் பத்து நிமிஷத்தில் நின்றுவிடும், அதனால் இத்தனை வருஷம் தாக்குப்பிடித்தது. கார் மணிக்கணக்கில் இழுக்கிறது.

அதோடு விடவில்லை. எர்த் சரியில்லாததால் சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்திருக்கிறது. வந்த ஒயர்மேன் சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலிலிருந்து எர்த் பின்னுக்கு ஒரு சின்னத் துண்டு ஒயரைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். விளக்குப் பச்சையாகிவிட்டது, எல்லோருக்கும் சந்தோஷம். காற்று மழையில் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வருகிற சர்வீஸ் ஒயரில் நியூட்ரல் அறுந்தால் என்ன ஆகும் தெரியுமா? காரின் பாடி முழுக்க 230 வோல்ட் வந்து நிற்கும். ஈரத்தில் நின்றுகொண்டு கதவைத் தொடுகிறவர் கதி அவ்வளவுதான். பாலிடெக்னிக்கில் இத்தனை வருஷமாகப் பிள்ளைகளுக்கு இதைத்தான் கத்திக் கத்திச் சொல்கிறேன். அந்தத் துண்டு ஒயரைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது.

உன் கார் நிற்பது திண்ணையை ஒட்டி. அம்மா படுப்பது அந்தத் திண்ணை அறையில். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பணத்தை இங்கே போடு. மெயின் போர்டிலிருந்து கார் நிற்கும் இடம் வரை தனி லைன், நடுவில் வேறு எந்தப் பாயின்டும் கூடாது. செம்பு ஒயர், 6 ஸ்கொயர், அதாவது 6 சதுர மில்லிமீட்டர் கனம். 15 ஆம்பியருக்கு 4 போதும் என்று ஒயர்மேன் சொல்வார், அதுவும் சரிதான். ஆனால் உன் வீட்டு நடையின் நீளத்துக்கு 25 மீட்டராவது ஓடும். இரண்டரை ஸ்கொயரில் அந்தத் தூரத்திலேயே ஐந்தரை வோல்ட் விழும், 6 ஸ்கொயரில் இரண்டேகால்தான். பிறகு வேறு கார் வாங்கி 32 ஆம்பியர் வேண்டுமென்றால் சுவரைக் கொத்தாமல் எம்சிபியையும் (கரண்ட் அளவு மீறினால் தானே விழுகிற சுவிட்சு) சாக்கெட்டையும் மட்டும் மாற்றினால் போதும். ஒயரைக் கட்டாயம் பைப்புக்குள் விடச் சொல். அறுவடை முடிந்ததும் வயல் எலியெல்லாம் வீட்டுக்குத்தான் வரும், உனக்குத் தெரியாததா!

சாக்கெட் சாதாரண பவர் பிளக் வேண்டாம். நீல நிறத்தில் மூடி போட்ட இண்டஸ்ட்ரியல் சாக்கெட் கிடைக்கும், 16 ஆம்பியரிலும் உண்டு 32-லும் உண்டு. பின் உருண்டையாக, கெட்டியாகப் பிடிக்கும். அந்தக் கொட்டேஷன் தொகையோடு பார்த்தால் அதன் விலை ஒன்றுமே இல்லை. கைச்சார்ஜர் முனையில் அதற்கேற்ற பிளக்கைப் போட்டுவிடலாம். லைனுக்கு ஒரு டபுள் போல் எம்சிபி, கூடவே கரண்ட் கசிந்தால் உடனே அணைத்துவிடுகிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதுவும் ஏ டைப். கடையில் ஏசி டைப்பை எடுத்து நீட்டுவார்கள். காருக்குள் ஏசியை டிசியாக்கும்போது வருகிற சில கசிவுகள் அதன் கண்ணில் படாது. பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்கு.

அப்புறம் எர்த். உன் வீட்டில் இருப்பது யார் காலத்துக் குழியோ, அதை நம்பாதே. புதிதாக ஒன்று போடு. நம் பக்கத்து மண் ஈரமாக இருக்கும்வரை தங்கம், சித்திரையில் வெடித்துவிட்டால் எர்த் போச்சு. கொல்லையில் கிணற்றடிப் பக்கம், பாத்திரம் தேய்க்கிற தண்ணீர் ஓடுகிற இடமாகப் பார்த்து ஜிஐ பைப்பை இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடச் சொல். கோடையில் வாரத்துக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்று. 5 ஓமுக்குள் வர வேண்டும்.

சாக்கெட்டை நெஞ்சு உயரத்துக்கு வை. கஜா புயல் வந்த 2018 நவம்பரில் உங்கள் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது என்று சுவரில் இன்னும் கறை இருக்குமே, அதற்கு நன்றாக மேலே. அப்போது எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் தவித்தோம் என்று நினைத்துப்பார். ஐப்பசி, கார்த்திகையில் புயல் அறிவிப்பு வந்த அன்றே முழுக்க ஏற்றி வைத்துவிடு. இடி இடித்தால் பிளக்கை உருவிவிடு. ஒருநாள் ராத்திரி கரண்ட் இல்லாமல் போய்விட்டால் பயப்படாதே, அந்தக் காரில் சிசிஎஸ் 2 வாய் இருக்கிறது, வழியில் பாஸ்ட் சார்ஜரில் போட்டுக்கொள்ளலாம்.

சாயங்காலம் ஆறிலிருந்து பத்துவரை போடாதே. உங்கள் டிரான்ஸ்பார்மரில் பாதித் தெரு ஏசி தொங்குகிறது. வோல்டேஜ் 190-க்கு இறங்கினால் அதே 15 ஆம்பியரில் 2.8 கிலோவாட்தான் ஏறும். கார் இழுப்பது கிட்டத்தட்ட இரண்டு ஏசி அளவு. ஈபியில் எவ்வளவு லோடு வாங்கியிருக்கிறீர்கள் என்று பார்த்துவிட்டு, குறைவாக இருந்தால் கூட்டி எழுதிக்கொடு.

பில்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அண்ணன் நிச்சயம் கேட்பார். மாதம் 1,000 கிலோமீட்டருக்கு 160 யூனிட் போல ஆகும், இரண்டு மாத பில்லில் 320 கூடும். 500-ஐத் தாண்டினால் கீழ்ப்படிகளின் மலிவு விலையும் மாறிவிடும், அதனால் முதல் பில் திடுக்கிட வைக்கும். ஆனால் யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்றே வைத்தாலும் மாதம் 1,600தான். பழைய கார் இதே தூரத்துக்கு ஆறாயிரத்துக்கு மேல் பெட்ரோல் குடித்தது.

இன்னொரு ஆசையும் எனக்கு இருக்கிறது. உன் மாடியில் வெயிலுக்குக் குறைவே இல்லை. 2024-இல் வந்த சூரிய வீடு திட்டத்தில் மாடியில் 3 கிலோவாட் சோலார் பேனல் போட 78,000 ரூபாய் மானியம் உண்டு. அது நாளைக்கு 12 யூனிட் போலத் தரும், அம்மாவின் ஒரு தஞ்சாவூர்ப் பயணம் கிட்டத்தட்ட அதிலேயே முடிந்துவிடும்! வாரம் மூன்று நாள்தான் போகிறீர்கள், மற்ற நாளில் கார் வீட்டில்தானே நிற்கிறது, பகலிலேயே ஏற்றலாம். இது அடுத்த வருஷத்துக்கு. முதலில் எர்த்.

அம்மா சாப்பிடுகிறார்களா? உப்பு, தண்ணீர் எல்லாம் அளவாகக் கொடுக்கச் சொன்னபோது உன்னிடம் சண்டை போட்டார்களாமே. அந்தக் குரல் அப்படியே இருக்கிறது என்பதில் எனக்கு நிம்மதி. நீ தூங்குகிறாயா என்று நான் கேட்டால் பேச்சை மாற்றுகிறாய். இந்தத் தடவை மாற்றாதே.

மீட்டர் போர்டைத் திறந்து, உள்ளே ஒயர் தெரிகிற மாதிரி ஒரு படமும், சர்வீஸ் ஒயர் வீட்டுக்குள் வருகிற இடத்தில் ஒரு படமும் பிரபுவை அனுப்பச் சொல். மெயினை அணைத்துவிட்டுத் திறக்கட்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை மல்டிமீட்டரோடு நானே வருகிறேன், ஒயர்மேனையும் அன்றைக்கே வரச்சொல், நான் பக்கத்தில் நின்று போட வைக்கிறேன். அதுவரை 8 ஆம்பியரிலேயே இருக்கட்டும், 10-க்குக்கூட ஏற்ற வேண்டாம். கொட்டேஷன் கொடுத்த ஆளிடம் அட்வான்ஸ் எதுவும் கொடுத்திருந்தால் இன்றைக்கே போன் பண்ணித் திருப்பிக் கேள்.

உன்,
கலா