பாப்பாவுக்கு ஐந்து வயது நிறைவதற்கு முன்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் அம்மாவும் நலம். உன்னிடமிருந்து போன் வராததற்கு வேலைச் சுமைதான் காரணம் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அந்த வேலையைப் பற்றி உன்னிடம் எதுவும் கேட்கப்போவதில்லை. நீ வேலையை விடுவதாகத் திருவொற்றியூர்ச் சித்தப்பா வந்து சொல்லிவிட்டுப் போனதை அம்மா நம்பவில்லை. நானும் நம்ப விரும்பவில்லை. ஆனாலும், தம்புச் செட்டித் தெருவில் வக்கீல் ஐயாவிடம் குமாஸ்தாவாக இருந்து, விவாகரத்து மனுக்களையும் ஜீவனாம்ச மனுக்களையும் தாக்கல் செய்த சம்பளத்தில்தான் உன்னைப் படிக்க வைத்தேன். அந்த மனுக்களிலிருந்து எனக்குத் தெரிந்ததை உன்னிடம் சொல்லாமல் இருப்பது தகப்பன் செய்யும் காரியமல்ல.

நீயும் மருமகளும் தனித்தனியே இருக்கும் இந்த நேரத்தில், உன் மகள் பாப்பாவுக்கு வருகிற ஆவணியில் ஐந்து வயது நிறைகிறது. ஐந்து நிறைந்துவிட்டால் குழந்தை தகப்பனிடம் வந்துவிடும் என்று யாரோ உனக்குச் சொல்லியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6-ஆவது பிரிவு, ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்கிறதே தவிர, நிறைந்த மறுநாள் தகப்பனிடம் ஒப்படைக்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. அதே சட்டத்தின் 13-ஆவது பிரிவு, குழந்தையின் நலனே எல்லாவற்றுக்கும் மேலானது என்கிறது. குழந்தை எங்கே படிக்கிறாள், காலையில் யார் எழுப்பிக் கிளப்பிப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள், காய்ச்சல் வந்தால் யார் பக்கத்தில் உட்காருகிறார்கள் என்பதையெல்லாம் நீதிபதி பார்ப்பார். விவரம் தெரிந்த பிள்ளையாக இருந்தால் தன் அறைக்கு அழைத்து அதனிடமே கேட்பார். பாப்பா பிறந்தது முதல் அவள் அம்மாவிடம்தான் வளர்கிறாள் என்பது உனக்குத் தெரியும்.

ஜீவனாம்சம் கொடுப்பதைத் தவிர்ப்பதற்காகவே குழந்தையைக் கேட்டு மனுப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளை எந்த வகுப்பில் எந்தப் பிரிவில் படிக்கிறது என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டதும் கூண்டில் பதில் இல்லாமல் நின்ற தகப்பன்மார்கள் அவர்கள். நீ அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் அல்ல. முதல் மாதச் சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து அம்மாவின் கையில் கொடுத்த பிள்ளை நீ. அதைப் பெரம்பூர் வீட்டில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டவன் நான். அப்படிப்பட்டவன் கார்த்திகையிலிருந்து பாப்பாவின் செலவுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பவில்லை என்பதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

வேலையைப் பற்றிக் கேட்கமாட்டேன் என்று எழுதினேன். இப்போதும் கேட்கவில்லை, சட்டம் என்ன சொல்கிறது என்பதை மட்டும் எழுதுகிறேன். ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 நவம்பரில் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் தங்கள் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்தாக வேண்டும். வருமான வரிக் கணக்கு, வங்கிக் கணக்கு விவரம், சம்பளச் சீட்டு எதையும் மறைக்க முடியாது. பொய் சொன்னால் அதற்கென்று தனி நடவடிக்கை வரும். வழக்கு எத்தனை வாய்தா இழுத்தாலும், மனுத் தாக்கலான தேதியிலிருந்தே தொகையைக் கணக்கிட வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. வேலையை விட்டுவிட்டேன் என்று ஒருவர் சொல்வதாலேயே நீதிமன்றம் கைவிரித்துவிடாது. அவர் என்ன படித்திருக்கிறார், எவ்வளவு சம்பாதிக்கக்கூடியவர் என்று பார்க்கும். உடல் வலுவுள்ளவர் கூலி வேலை செய்தாவது மனைவியையும் குழந்தையையும் காப்பாற்றக் கடமைப்பட்டவர் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இராஜினாமாக் கடிதம் எவரையும் காப்பாற்றாது, தம்பி. கொடுத்திருந்தால் திரும்பப் பெற முடியுமா என்று பார். கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதே.

உத்தரவு வந்தும் கொடுக்காமல் இருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவு என்று நாங்கள் சொல்லிவந்த ஜீவனாம்சப் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆவது பிரிவாக இருக்கிறது. எண் மாறியிருக்கிறது, பிடி மாறவில்லை. ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறையில் வைக்கலாம். சிறைக்குப் போய் வந்தாலும் பாக்கி தீராது.

அவளும்தான் சம்பாதிக்கிறாள் என்று நீ தை மாதத்தில் அம்மாவிடம் சொன்னாய். அவள் சம்பாதிப்பதைப் பொறுத்து அவளுக்கு நீ கொடுக்க வேண்டியது குறையலாம், குழந்தையின் செலவை இருவரும் அவரவர் வருமானத்துக்கு ஏற்பப் பகிர்ந்துகொள்ளலாம்; ஆனால் தகப்பனின் பங்கு இல்லாமல் போகாது. ஒருவேளை அவளே கோபத்தில் எதுவும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாலும், அந்தக் கையெழுத்து பாப்பாவின் உரிமையைப் பறித்துவிடாது.

நீங்கள் இருவரும் சேர்ந்து வாழ வேண்டும் என்று இனி நான் வற்புறுத்தப்போவதில்லை. பிரிவதானால் பரஸ்பர சம்மதத்தில் பிரியுங்கள். ஓராண்டு தனித்தனியே வாழ்ந்திருந்தால் இந்துத் திருமணச் சட்டத்தின் 13பி பிரிவில் கூட்டாக மனுப் போடலாம். மனுப் போட்ட பிறகு உள்ள ஆறு மாதக் காத்திருப்பைக்கூட, தகுந்த வழக்குகளில் குடும்ப நல நீதிமன்றமே தளர்த்தலாம் என்று 2017-இல் தீர்ப்பு வந்துவிட்டது. பள்ளிக் கட்டணம் யாருடையது, கோடை விடுமுறையில் பாப்பா எத்தனை நாள் உன்னுடன் இருப்பாள், பொங்கலுக்கு எங்கே, தீபாவளிக்கு எங்கே, தினமும் எத்தனை மணிக்கு வீடியோவில் பேசலாம் என்பது வரை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எழுதாமல் விட்டவற்றுக்குத்தான் பிறகு மனுவுக்கு மேல் மனு வரும். உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005 முதல் சமரச மையம் இருக்கிறது. அங்கே பேசுவது எதுவும் வழக்கில் சாட்சியமாக வராது. குழந்தையை வெல்வதற்காக வழக்காடாதே. குழந்தையைப் பார்ப்பதற்கும் அவளுடன் இருப்பதற்கும் உனக்கு வேண்டிய நேரத்தைக் கேள், அதை விட்டுக்கொடுக்காதே. அந்த நேரம் உனக்குக் கிடைக்க வேண்டும் என்று உன்னைவிட நானும் அம்மாவும் ஆசைப்படுகிறோம்.

வரும் ஒன்றாம் தேதியே, உத்தரவுக்குக் காத்திராமல், பாப்பாவின் பெயரைக் குறிப்பிட்டு அவள் அம்மாவின் கணக்குக்குப் பணம் அனுப்பு. கையில் கொடுக்காதே, வங்கி வழியாகவே அனுப்பு, அதுதான் பிறகு கணக்கில் நிற்கும். கார்த்திகையிலிருந்து உள்ள பாக்கியை மொத்தமாக முடியாவிட்டால் இரண்டு மூன்று தவணையாக அனுப்பு. ஒன்றாம் தேதி என்றால் ஒன்றாம் தேதி. கடைசி மூன்று ஆண்டுகளின் வருமான வரிக் கணக்கையும் சம்பளச் சீட்டுகளையும் எடுத்து வை. வாய்தாவுக்கு முந்தின நாளே இங்கே வந்துவிடு, பிரமாணப் பத்திரத்தை உன் வக்கீலிடம் கொடுப்பதற்கு முன் நான் ஒருமுறை படித்துப் பார்க்கிறேன். வருகிற ரயிலின் விவரத்தை அம்மாவுக்குப் போன் செய்து சொல்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா