அந்தத் தண்ணியில என்ன இருக்கு?

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்கு முட்டி வலி தேவலை. மாப்பிள்ளையும் குட்டியும் நலமா?

நேற்று ராத்திரி போனில் நீ சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமே பிடிக்கவில்லை. "குட்டிக்கு ஒன்பது மாசம் முடியப் போகுது, அந்த எம்.ஆர். ஊசியைக் கொஞ்ச நாள் தள்ளிப் போடலாம்னு இருக்கோம்மா" என்றாய். தட்டம்மையும் ரூபெல்லாவும் வராமல் காக்கிற ஊசி அது. போனில் பேசினால் என் குரல் உயர்ந்துவிடும், நீயும் அழுதுவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ அனுப்பிய வீடியோவை இரண்டு தடவை முழுசாகப் பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன்.

நீ பயப்படுவதில் எனக்குக் கோபம் இல்லை. "முப்பத்திரண்டு வருஷம் கிராம சுகாதார செவிலியரா இருந்தவ பெத்த பொண்ணு, அதுவும் எம்.இ. படிச்சவ, இப்படிக் கேக்கலாமா?" என்றார் அப்பா. ஏன் கேட்கக் கூடாது? கேட்டவளை வாயடைத்து அனுப்பிய பாவம் ஒன்று என் கணக்கில் இருக்கிறது. உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிது. நீ பிறக்கவில்லை. பென்னாகரம் பக்கத்தில் ஒரு ஊர். புளியமரத்தடியில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண் இடுப்பில் பையனோடு வந்து, "ஊசி போட்டா காய்ச்சல் வருமாமே, எதுக்கு நல்லா இருக்கிற புள்ளைக்குப் போடணும்?" என்று கேட்டாள். வெயில், பசி, அன்றைக்கு இன்னும் இரண்டு ஊர் பாக்கி. "உங்களை மாதிரி படிக்காதவங்களுக்குச் சொன்னாலும் விளங்காது" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் நான் வரும் புதன்கிழமையெல்லாம் அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போய்விடுவாள். அடுத்த கோடையில் அந்தத் தெருவில் வாசலுக்கு வாசல் வேப்பிலை. மணல்வாரி, அதாவது தட்டம்மை. அவள் பையன் பிழைத்துக்கொண்டான். ஆனால் மாசக்கணக்கில் காதில் சீழ் வடிந்தது, ஒரு பக்கம் காது மந்தமாகிவிட்டது. பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்ப மாட்டான். அவனை எங்கே பார்த்தாலும் எனக்கு என் வாய்தான் ஞாபகம் வரும்.

அப்புறம் 2008. உனக்குப் பத்தாவது பரீட்சை முடிந்த லீவு. ஏப்ரல் மாசக் கடைசியில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்துபோன செய்தி டிவியில் ஓடியது. நமக்கும் திருவள்ளூருக்கும் எவ்வளவோ தூரம். ஆனாலும் மறுநாள் காலையில் நான் தெருவுக்குள் போனதும் கதவுகள் சாத்தப்பட்டன. நேற்று வரை "வாங்க சிஸ்டர், மோர் குடிங்க" என்ற வீடுகள். இனி ஊருக்குள் போய்ப் போட வேண்டாம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் இருக்கும்போது மட்டும் போடுங்கள் என்று உத்தரவு வந்தது. பஸ் ஏறிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு யார் வருவார்கள்? என் பதிவேட்டில் கட்டம் கட்டமாகக் காலியாகக் கிடந்தது.

அந்தச் சமயத்தில்தான் மணியக்காரர் வீட்டுத் திண்ணையில் ஒரு பாட்டி என்னை உட்கார வைத்து ஒரு கேள்வி கேட்டாள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள். "ஏம்மா, நீ பொடியில ஏதோ தண்ணி ஊத்திக் கலக்குறியே, அந்தத் தண்ணியில என்ன இருக்கு?"

பாப்பா, இத்தனை வருஷத்தில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் அதற்கு இணையானது வேறில்லை. தட்டம்மை மருந்து சின்னக் குப்பியில் உலர்ந்த பொடியாக வரும். அதோடு வரும் சுத்தத் தண்ணீரைத்தான் ஊற்றிக் கலக்க வேண்டும், வேறு எதையும் ஊற்றக் கூடாது. கெட்டுப்போகாமல் காக்கிற பொருள் எதுவும் அதில் கிடையாது. அதனால் கலக்கிய நேரத்தைக் குப்பி மேலே எழுதி, நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். மீந்தால் கொட்ட வேண்டும். ஊசியும் ஒரு தடவை அழுத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும், அடுத்த பிள்ளைக்கு அதைப் போடவே முடியாது. இதையெல்லாம் அந்தத் திண்ணையில் ஒரு காலி ஊசியை வைத்து அவளுக்குக் காட்டினேன். பாட்டி அதை வாங்கி இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. பல் இல்லாத வாயால் சிரித்தாள்.

ரெண்டு நாள் கழித்து அந்தப் பக்கம் போகிறேன், தண்ணீர்க் குழாயடியில் பாட்டி குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் பாடம் நடத்துகிறாள்: "நாலு மணி நேரம்தான், அப்புறம் கீழ ஊத்திடணும். எப்பக் கலக்கினேன்னு நீங்களே கேளுங்கடி." அந்தப் புதன்கிழமை ஏழு பெண்கள் பிள்ளைகளோடு ஒரே பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். முதல் பெண் குப்பியைப் பார்த்து, "எத்தனை மணிக்குக் கலக்கினீங்க சிஸ்டர்?" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பாட்டி கேட்டது எவ்வளவு பெரிய கேள்வி என்பது ஓய்வுபெற்ற பிறகு சமோவாவைப் பற்றிப் படித்தபோதுதான் முழுசாக உறைத்தது. பசிபிக் கடலில் இரண்டு லட்சம் பேர் வாழும் குட்டித் தீவு நாடு. 2018இல் அங்கே நர்சுகள் தட்டம்மை மருந்துப் பொடியில் தண்ணீருக்குப் பதிலாகத் தவறுதலாக வேறொரு மருந்தைக் கலந்து போட, இரண்டு குழந்தைகள் இறந்துபோயின. ஊசித் திட்டம் மாசக்கணக்கில் நிறுத்தப்பட்டது. தவறு கலக்கியதில்தான் என்று தெரிந்த பிறகும் ஜனங்களுக்குப் பயம் தெளியவில்லை. வீடு வீடாகப் போய் விளக்கிச் சொல்லவும் ஆள் போதவில்லை. ஊசிக்கு எதிராகப் பேசியவர்கள் குரல்தான் ஓங்கி ஒலித்தது. 2019 கடைசியில் தட்டம்மை வந்தது. 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் இருந்த பிள்ளைகள். டிசம்பரில் இரண்டு நாள் நாட்டையே மூடிவிட்டு, ஊசி போடாதவர்கள் இருக்கும் வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டச் சொன்னார்கள். நம் வாசல் வேப்பிலைதான் எனக்கு ஞாபகம் வந்தது.

படிப்பு இருந்தால் பயம் போய்விடும் என்று நானும் நம்பியவள்தான். 2017 பிப்ரவரியில் எம்.ஆர். முகாம் ஆரம்பித்தபோது அந்த நம்பிக்கை உடைந்தது. ஒன்பது மாதத்திலிருந்து பதினைந்து வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் போட வேண்டும். மலையடிவாரத்து அரசுப் பள்ளியில் ஒரே காலையில் முடித்துவிட்டேன். டவுனில் ஒரு ஆங்கிலப் பள்ளியில்தான் அப்பாக்கள் காரில் வந்து, "எங்கள் பிள்ளைக்கு வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். எல்லாரும் பட்டதாரிகள். வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பினார்கள். அவர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். முகாமுக்கு முன்னால் அவர்களை உட்கார வைத்து யாரும் பேசவில்லை. ஒரு சுற்றறிக்கை போனது, அவ்வளவுதான்.

அந்தப் பள்ளியில் ஏழாம் வகுப்புப் பெண் ஒன்று எழுந்து, "பசங்களுக்கு எதுக்கு ரூபெல்லா ஊசி? அது கர்ப்பமா இருக்கிறவங்களுக்குத்தானே ஆபத்து?" என்றாள். வகுப்பே சிரித்தது. நான் கரும்பலகையில் ஒரு வீட்டை வரைந்தேன். அம்மா வயிற்றில் குழந்தை, பள்ளிக்கூடத்திலிருந்து லேசான காய்ச்சலோடு திரும்பும் அண்ணன். அண்ணனுக்கு ரெண்டு நாளில் சரியாகிவிடும். வயிற்றுக் குழந்தைக்கோ கண்ணில் புரையோடு, இதயத்தில் ஓட்டையோடு, காது கேட்காமல் பிறக்க நேரலாம். வகுப்பில் சத்தமே இல்லை. மறுநாள் அந்தப் பெண் தன் அப்பாவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

சரி, உன் வீடியோவுக்கு வருகிறேன். இந்த ஊசியால் ஆட்டிசம் வரும் என்று அதில் ஒருவர் சொல்கிறார். இந்தக் கதை 1998இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற இங்கிலாந்து டாக்டர் லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையிலிருந்து கிளம்பியது. மொத்தமே 12 குழந்தைகளை வைத்து எழுதியது. பிறகு முறைகேடுகள் வெளியே வந்து, 2010இல் அந்த இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே வருஷம் டாக்டர் பட்டியலிலிருந்தும் அவர் பெயரை நீக்கினார்கள். டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை வருஷக்கணக்கில் கவனித்துப் பார்த்து 2019இல் முடிவு வெளியிட்டார்கள். ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் இந்த விஷயத்தில் வித்தியாசம் இல்லை. ஆட்டிசத்தின் அறிகுறி பெற்றவர்கள் கண்ணில் படுவது பெரும்பாலும் ஒரு வயசுக்கு மேல், பேச்சு வர வேண்டிய சமயத்தில். ஊசி போடுவதும் அந்த வயசையொட்டித்தான். அதனால் ஒரு தாய்க்கு இரண்டும் ஒட்டியே தோன்றும். அவளை நான் பொய் சொல்கிறாள் என்று சொல்ல மாட்டேன்.

தள்ளிப் போட்டால் என்ன என்று கேட்டாயே. உன் ரத்தத்திலிருந்து குட்டிக்குப் போன எதிர்ப்பு சக்தி இத்தனை மாசம் அவளைக் காத்தது. ஒன்பது மாசத்துக்குள் அது கரைந்துகொண்டே வந்துவிடும். அது இருக்கும்போது போட்டால் ஊசி சரியாகப் பிடிக்காது, அது கரைந்த பிறகு போடாமல் விட்டால் பிள்ளைக்கு ஒரு காவலும் இல்லை. அந்த இடைவெளியை அளந்துதான் ஒன்பது மாசம் என்று வைத்திருக்கிறார்கள். தட்டம்மைக்காரர் ஒரு அறையிலிருந்து போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை அந்தக் காற்றில் கிருமி இருக்கும். உங்கள் அடுக்குமாடி லிஃப்டை நினைத்துப் பார். பக்கத்து மும்பையில் கோவண்டி பகுதியில் 2022இல் தட்டம்மைக்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்தார்களே, நினைவிருக்கிறதா? இன்னொன்று, தட்டம்மை வந்துபோன பிள்ளையின் உடம்பு பழைய நோய்களை எதிர்க்கக் கற்றுக்கொண்டதையும் மறந்துவிடும். அந்தக் காலத்தில் அம்மை இறங்கி ஒரு மாசம் கழித்து பேதியிலும் சளியிலும் போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

காய்ச்சல் வருமா என்றால், வரலாம். ஒரு வாரம் பத்து நாள் கழித்து லேசாகக் காயும், கொஞ்சம் சிவப்பாகத் தடிக்கும், ரெண்டு மூன்று நாளில் போய்விடும். ஒவ்வாமை மிக மிக அபூர்வம். அதற்காகத்தான் ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்காரச் சொல்கிறோம். அவசரப்பட்டுக் கிளம்பிவிடாதே.

கேள்விகளை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போ. எத்தனை மணிக்குக் கலக்கினீர்கள் என்று கேள். குப்பி மூடியில் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிர் நிறமாக இருந்தால் மருந்து சூடுபடாமல் வந்திருக்கிறது. காட்டச் சொல். அந்த நர்ஸ் முகம் சுளித்தால் என்னைப் போனில் கூப்பிட்டு அவரிடம் கொடு, நான் பேசிக்கொள்கிறேன். அன்றைக்கே வைட்டமின் ஏ சொட்டும் தருவார்கள், அதையும் கேட்டு வாங்கு.

உனக்கு ஒன்பதாம் மாசத்து ஊசி போட்டது நான்தான். ஊரே பார்க்கட்டும் என்று புளியமரத்தடியில் வைத்துப் போட்டேன். நீ வீறிட்டு அழுதாய், என் கையும் நடுங்கியது.

வர்ற செவ்வாய் ராத்திரி ரயிலுக்கு அப்பா டிக்கெட் போட்டுவிட்டார். குட்டிக்கு ராகி மாவு அரைத்து எடுத்து வருகிறேன். ஊசிக்கு நான் வந்த பிறகு, நீயும் நானும் சேர்ந்தே போகலாம். அதற்குள் இன்னும் என்ன கேட்க வேண்டுமோ எல்லாவற்றையும் எழுதி வை.

அன்புடன்,
அம்மா