கடலூர் ஓ.டி. (ஓல்ட் டவுன்) துறைமுகத்து ஜனங்களுக்கு எங்க நன்றி

வணக்கம். ஜூன் மாச ஆரம்பத்துல மூணு பாய்மரப் படகோட உங்க துறைமுகத்துல வந்து மாட்டிக்கிட்ட என்.சி.சி. கடற்படைப் பிரிவு காலேஜ் பசங்க ஞாபகம் இருக்குங்களா, அவங்கதான் எழுதுறோம். புதுச்சேரிலேர்ந்து காரைக்கால் போற பயணம், கடலூர்ல ராத்திரி தங்கிட்டு விடியக்காலைல கெளம்பறதா இருந்துச்சு, ஆனா ஒரு பகல் முழுக்க உங்க கரையிலயே கெடந்தோம். உதவி பண்ண யார்கிட்ட பேர் கேட்டாலும் "பேரு எதுக்கு பாப்பா, வேலையப் பாருங்க"ன்னுட்டீங்க, அதனால எல்லாருக்கும் சேத்து இங்கயே சொல்றோம்.

நடந்தது இதுதான். முந்தின நாள் சாயங்காலம் முகத்துவாரத்துல நுழையும்போது மணல் திட்டுல அலை ஒடைஞ்சு பின்னாடிலேர்ந்து தூக்கி அடிச்சுது, அதுல எங்க படகு ஒண்ணுல, படகைத் திருப்புற சுக்கானோட கொக்கி வளைஞ்சுபோச்சு, பெரிய பாயும் கயிறு கட்ற மூலைல ஒரு முழத்துக்கு கிழிஞ்சுது. 27 அடி படகு, சுக்கான் இல்லாம துடுப்பை மட்டும் வச்சுக்கிட்டு கடல்ல போக முடியாது. அது போதாதுன்னு காலைல ஒரு ஆபீஸ்ல கெளம்பறதுக்கு வேண்டிய ஒரே ஒரு சீலுக்காக இந்த மேஜைக்கும் அந்த மேஜைக்கும் அலைய விட்டாங்க, சார் வரல, சார் வந்துட்டாரு ஆனா மீட்டிங்ல இருக்காரு, சாப்பிட போயிட்டாரு, இப்படியே. கடல்ல போறவங்களுக்கு நேரம்னா என்னன்னு உங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல. ஜூன்ல காலைல கரைலேர்ந்து மேக்காத்து அடிக்கும், அதைப் புடிச்சா தெக்க போறது லேசு, வெயில் ஏற ஏற அது விழுந்துடும், மதியத்துக்கு மேல கடக்காத்து தென்கிழக்குலேர்ந்து எதுத்துக்கிட்டு வரும். சீல் கெடைக்கும்போது கொடியெல்லாம் மேற்கப் பாத்து பறந்துக்கிட்டு இருந்துச்சு. எங்கள்ல ரெண்டு பேர் அழுதே விட்டாங்க.

அப்போதான் வலை தைக்கிற தாத்தா கூப்பிட்டாரு. தாத்தா, உங்களுக்குத்தான் மொதல் நன்றி. மீன்பிடி தடைக்காலம், ஏப்ரல் 15லேர்ந்து 61 நாள் விசைப்படகெல்லாம் கட்டிக்கெடக்கு, வருமானம் இல்லாத நேரம், எல்லாரும் வலை சரி பண்ணிக்கிட்டும் போட்டுக்கு பெயிண்ட் அடிச்சுக்கிட்டும் இருந்தீங்க. அதுல உங்க கூலி வேலைய ஓரமா வச்சுட்டு "அந்த பாயை இங்க கொண்டா"ன்னு மடில போட்டுக்கிட்டீங்க. நாங்க கொண்டுவந்த டேப்பை ஒட்டலாம்னு பசங்க சொன்னதுக்கு, காத்து ஒரு தட்டு தட்டுனா டேப்பு எங்க நிக்கும்னு கேட்டீங்க. நேர்வரிசையா தச்சா ஊசி ஓட்டை வழியாவே கிழிஞ்சுக்கிட்டு போகும், ஏத்தி எறக்கி வளைச்சு வளைச்சு தைக்கணும்னு சொல்லி, நூலுக்கு மெழுகு தேச்சு, மூலைக்கு ரெட்டைத் துணி வச்சு, கயிறு போற ஓட்டையச் சுத்தி விரல்ல தடவிப் பாத்துப் பாத்து தச்சீங்க. நீங்க சின்ன வயசுல கட்டுமரத்துல பாய் கட்டி போனவரு, எஞ்சின் வந்தப்புறம் பாயைத் தொட்டே பல வருஷம் ஆச்சுன்னு சொல்லிக்கிட்டே தச்சீங்க, வாடை கச்சான் கொண்டல் சோழகம்னு காத்துக்கெல்லாம் பேர் சொல்லி எந்த மாசத்துல எது வரும்னு சொன்னீங்க. நாங்க கிளாஸ்ல காத்தை டிகிரில படிச்சவங்க, அன்னிக்கு உங்ககிட்ட கேட்டதுதான் மனசுல நிக்குது. பணம் நீட்டுனப்ப கோவமே வந்துச்சு உங்களுக்கு.

லேத் பட்டறை அண்ணா, கரண்ட் போயி போயி வந்தும் கடைய மூடாம ஒக்காந்திருந்தீங்களே, நல்லா இருக்கற இன்னொரு படகோட கொக்கியையும் கழட்டிட்டு வாங்க, அளவு பாத்துத்தான் நிமித்துவேன்னு கறாரா சொன்னீங்க, அன்னிக்கு எரிச்சலா இருந்துச்சு, ஆனா மாட்டும்போது ஒரு நூல் கூட பிசகல. சுக்கானை ஏத்திக்கிட்டு போன ஆட்டோ அண்ணாவுக்கும் நன்றி. தேவனாம்பட்டினம் கோட்டையப் பாக்க போறதா இருந்தோம், முடியலயேன்னு பொலம்புனதுக்கு வழியெல்லாம் அவர்தான் கதை சொன்னாரு, 1690ல வெள்ளைக்காரன் கோட்டைய மராட்டியர்கிட்ட வாங்குனப்ப பீரங்கி குண்டு எதுவரைக்கும் விழுதோ அதுவரைக்கும் உள்ள ஊரெல்லாம் சேத்து எடுத்துக்கிட்டான், அதுக்குத்தான் குண்டு கிராமம்னு பேருன்னு. கோட்டைய நேர்ல பாத்திருந்தா கூட இவ்ளோ தெரிஞ்சிருக்காது.

துறைமுகத்துக்கு பின்னாடி தெருவுல இருக்கற அத்தைங்களுக்கு பொண்ணுங்க சார்பா தனியா சொல்லணும். உப்பு காஞ்சு தலையெல்லாம் பிசுபிசுன்னு, பாத்ரூம் எங்க போறதுன்னு தெரியாம நின்ன எங்களை வாசல்லயே பாத்துட்டு "உள்ள வாங்கடி"ன்னு கூப்பிட்டு, குடத்துல புடிச்சு வச்சிருந்த நல்ல தண்ணிய குளிக்க குடுத்தீங்க. எல்லா பயணத்துலயும் பொண்ணுங்களுக்கு பெரிய கஷ்டம் இதுதான், யாரும் வெளில பேசமாட்டாங்க, நீங்க நாங்க கேக்காமலே புரிஞ்சுக்கிட்டீங்க. மத்தியானம் நெத்திலி கொழம்பும் சோறும், கூடவே பண்ருட்டி பலாச்சுளையும். சிங்கப்பூர்ல பையன் அனுப்புன டப்பால மிச்ச கொழம்பை ராத்திரிக்கு கட்டிக்குடுத்த ஆயா, டப்பாவைக் கழுவி பத்திரமா வச்சிருக்கோம்.

சாயங்காலம் நடந்ததுதான் எங்க எல்லாருக்கும் ரொம்ப புடிச்சது. சிங்காரத்தோப்பு பசங்க வந்து "இவ்ளோ பெரிய துடுப்பை வச்சுக்கிட்டு சும்மா ஒக்காந்திருக்கீங்க, போட்டிக்கு வரீங்களா"ன்னு கேட்டு, உப்பனாத்துலயே பந்தயம் ஆரம்பிச்சுடுச்சு, அவங்க ஃபைபர் போட்ல, நாங்க எங்க படகுல, ரெண்டு கரையிலயும் ஜனம் கூடி விசில், வலை தைக்கிறவங்க கூட எழுந்து நின்னு கத்துனாங்க. அவங்கதான் ஜெயிச்சாங்க, நீவாடு, அதாவது தண்ணியோட ஓட்டம், எங்க ஓடுது எங்க நிக்குதுன்னு தெரிஞ்ச பசங்க, ஓரமாவே போயி ஜெயிச்சாங்க. அப்புறம் எங்க படகுல ஏறி முடிச்சு போட கத்துக்கிட்டு, எங்களுக்கு அவங்க முடிச்சு ரெண்டு கத்துக்குடுத்தாங்க. காலைல அழுத ரெண்டு பேரும் அன்னிக்கு ராத்திரி இங்கயே இன்னும் ஒரு நாள் இருக்கலாமான்னு கேட்டாங்க.

கடலோரப் பாதுகாப்பு போலீஸ்ல ஒரு அண்ணன், டூட்டி முடிஞ்சும் எங்களோட அந்த ஆபீஸுக்கு வந்து நின்னவரு, அவர் இல்லன்னா சீல் மறுநாளும் கெடைச்சிருக்காது. போகும்போது கடல்ல ஆபத்துன்னா கூப்பிடற 1093 நம்பரை எல்லார் போன்லயும் சேவ் பண்ண வச்சுட்டுத்தான் விட்டாரு.

மறுநாள் இருட்டோட கெளம்புனோம், நீங்கல்லாம் டார்ச் அடிச்சு முகத்துவாரத்துல வழி காட்டுனீங்க. தாத்தா, நீங்க தச்ச மூலை பரங்கிப்பேட்டை தாண்டி, தரங்கம்பாடி தாண்டி, காரைக்கால் அரசலாறு வரைக்கும் நின்னுச்சு, பக்கத்துல பழைய தையல் ஒண்ணு விட்டுப்போச்சு, உங்க தையல் ஒரு இழை கூட அசையல. திரும்பி வரும்போது கடலூருக்குள்ள நுழைய அனுமதி இல்ல, தூரத்துலேர்ந்து லைட் ஹவுஸை பாத்து எல்லாரும் கைய ஆட்டுனோம்.

பந்தயத்து போட்டோவெல்லாம் பிரிண்ட் போட்டாச்சு, செமஸ்டர் முடிஞ்சதும் டப்பாவோட கொண்டாந்து குடுக்கறோம். ஐஸ் பேக்டரி அண்ணா, உங்க நீல கலர் தண்ணி கேனும் எங்ககிட்டதான் இருக்கு, தேடாதீங்க. தடை முடிஞ்சு போட்டெல்லாம் கடலுக்கு போயாச்சுன்னு கேள்விப்பட்டோம், எல்லாருக்கும் நல்ல மீன்பாடு கெடைக்கணும்.