திருவாரூர்–காரைக்குடி பாதையில் பகல் வண்டி எங்கே? – தெற்கு ரயில்வே பொது மேலாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொது மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். முத்துப்பேட்டைப் பக்கத்துக்காரன் எழுதுகிறேன். முதலில் நன்றியைச் சொல்லிவிடுகிறேன். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலத்தைத் திறந்தபோது, தாம்பரம்–ராமேஸ்வரம் வண்டியை எங்கள் பாதை வழியாக விட்டீர்கள். அதற்கு முன்பே, 2023 ஏப்ரலில், தாம்பரம்–செங்கோட்டை வண்டி வந்தது. எர்ணாகுளத்திலிருந்து வேளாங்கண்ணி போகிறவர்களும் இப்போது பட்டுக்கோட்டை வழியாகத்தான் போகிறார்கள். பத்து வருஷத்துக்கு முன்னால் தண்டவாளமே இல்லாமல் செம்மண் மேடாகக் கிடந்த தடத்தில் இதெல்லாம் நடக்கிறது. சந்தோஷம்தான்.

ஆனால் ராமேஸ்வரம் வண்டி எங்களைத் தாண்டிப் போகிறபோது ஊரே தூங்கிக்கொண்டிருக்கும். தில்லைவிளாகத்தில் ஏறித் திருவாரூர் கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்கப் போகிற கிழவிக்கு அந்த வண்டியால் என்ன ஆகப்போகிறது? என் பேச்சு முழுக்க அந்தக் கிழவியைப் பற்றித்தான்.

இந்தப் பாதை யார் போட்டது என்று உங்கள் அலுவலகப் பழைய கட்டுகளில் இருக்கும். லண்டன் கம்பெனி போட்டதல்ல. தஞ்சாவூர் மாவட்டப் போர்டு போட்டது. நிலவரியோடு ரயில்வே செஸ் என்று தனியாக ஒன்றைச் சேர்த்து மிராசுதாரிடமும் சின்ன விவசாயியிடமும் வாங்கி, அந்தப் பணத்தில் மாயவரத்திலிருந்து (இன்றைய மயிலாடுதுறை) முத்துப்பேட்டை வரை 54 மைல் மீட்டர் கேஜ், அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு மீட்டர் இடைவெளி உள்ள குறுகிய தடம், போட்டார்கள். 1894-இல் வண்டி ஓடியது. ஓட்டுகிற வேலை மட்டும் சவுத் இந்தியன் ரயில்வேக்கு. 1902-இல் பட்டுக்கோட்டை, 1903 கடைசியில் அறந்தாங்கி என்று பாதை நீண்டது. அறந்தாங்கிக்கும் காரைக்குடிக்கும் இடையில் இருந்த இடைவெளி அடைபட்டது சுதந்திரத்துக்குப் பிறகு, 1952-இல்.

அந்த போர்டுக்காரர்கள் மெட்ராஸ் போகிற வண்டியை நினைத்து வரி போடவில்லை. பூந்தோட்டம், நன்னிலம், திருத்துறைப்பூண்டி என்று நெல் விளைகிற ஊரையெல்லாம் கோத்துக்கொண்டு போகிற பாதை இது. நெல் ஏற வேண்டும், ஆள் இறங்க வேண்டும், கோர்ட்டுக்கும் சந்தைக்கும் போய்விட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். அதற்காகத்தான் எங்கள் பாட்டன் பூட்டன் செஸ் கட்டினார்கள்.

இடையில் ஒன்று. டெல்டாக்காரர்களுக்குப் பாதை மாற்றம் புதிதல்ல. 1861-இல் நாகப்பட்டினத்திலிருந்து கிளம்பிய முதல் பாதை அகலப்பாதையாகத்தான் பிறந்தது. அதைத் திருச்சி வரை கொண்டுபோய், சில வருஷத்தில் பிடுங்கி மீட்டர் கேஜ் ஆக்கினார்கள். நூறு வருஷத்துக்கு மேல் கழித்து மறுபடி அகலப்பாதை. இரண்டு தடவை பிடுங்கி நட்ட நாற்று மாதிரி.

எங்கள் பகுதியை அகலப்பாதையாக்கப் பிடுங்கியது 2012-இல். அதற்கு முன்பே, விழுப்புரம்–மயிலாடுதுறை அகலப்பாதை வேலை தொடங்கியபோது, எழும்பூரிலிருந்து காரைக்குடி வரை வந்துகொண்டிருந்த கம்பன் எக்ஸ்பிரஸ் நின்றுபோனது. அந்தப் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் அதிராம்பட்டினத்தில் கண் கலங்குகிறவர்கள் உண்டு. கப்பலுக்குப் போனவர்களும் துபாய்க்குப் போனவர்களும் மூட்டையோடு ஏறிய வண்டி அது. புதிய வண்டிகள் எத்தனை வந்தாலும் அந்தப் பெயரைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் பெயரைக் கேட்கவில்லை.

காரைக்குடி–பட்டுக்கோட்டை 2018-இல் திறந்தது. அதே வருஷம் நவம்பரில் கஜா புயல் வந்து பேராவூரணிப் பக்கம் தென்னையையெல்லாம் சாய்த்துவிட்டுப் போனது. திருவாரூர் வரை முழுப் பாதையும் 2019 ஜூனில் திறந்தது. அப்போது ஓடிய டெமு வண்டியை (தனி எஞ்சின் இல்லாமல் டீசலில் ஓடும் உள்ளூர் ரயில்) யாரும் மறக்க முடியாது. சுமார் 150 கிலோமீட்டர், ஆறு மணி நேரத்துக்கு மேல். வழியில் சாலை குறுக்கிடும் இடங்களில் எழுபதுக்கும் மேற்பட்ட ரயில்வே கேட்டுகள், ஆனால் கேட்கீப்பர் போடவில்லை. அதனால் கேட்கீப்பரும் வண்டியிலேயே வந்தார். கேட்டுக்கு முன்னால் வண்டி நிற்கும், முன்பெட்டியிலிருந்து ஒருவர் இறங்கிப் போய்க் கேட்டை மூடுவார். வண்டி மெல்லத் தாண்டி மறுபடி நிற்கும். பின்பெட்டியிலிருந்து இன்னொருவர் இறங்கித் திறந்துவிட்டு ஓடி வந்து ஏறுவார். அடுத்த கேட்டில் திரும்பவும் இதேதான். வெயிலில் அந்த ஊழியர்கள் பட்ட பாடு அவர்களுக்குத்தான் தெரியும், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. சைக்கிள்காரன் வண்டியை முந்திப் போன கதையைப் பட்டுக்கோட்டை டீக்கடையில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அந்தச் சிரிப்பில் ஒரு நஷ்டம் இருக்கிறது. ஆறு மணி நேரம் போகிற வண்டியில் யாரும் ஏறமாட்டார்கள். ஏறாததைக் கணக்கில் எழுதி, இந்தத் தடத்தில் பயணிகள் இல்லை என்று ஒரு ஃபைல் உருவாகும். அப்புறம் அந்த ஃபைலைக் காட்டியே அடுத்த வண்டி கிடையாது என்பார்கள். மருந்தே கொடுக்காமல் நோயாளி தேறவில்லை என்று எழுதுவது போலத்தான். முன்னாள் ராணுவத்தினரைக் கேட்கீப்பர்களாகப் போட்ட பிறகு வேகம் கூடியது, தூர வண்டிகளும் வந்தன. உள்ளூர் வண்டிகளுக்கு மட்டும் அந்தப் பழைய கணக்கு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது என் சந்தேகம்.

நான் கேட்பது பெரிய திட்டம் ஒன்றுமில்லை. காலையில் பட்டுக்கோட்டையில் கிளம்பி ஒன்பதரைக்குள் திருவாரூர் சேர ஒரு டெமு. சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் அங்கிருந்து திரும்ப ஒன்று. திருவாரூரில் மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது, மருத்துவக் கல்லூரி இருக்கிறது, கலெக்டர் ஆபீஸ் இருக்கிறது. இதே மாதிரி காரைக்குடிப் பக்கம் ஒரு ஜோடி. சீசன் டிக்கெட் வாங்க ஆள் வரும். கிராசிங் இடங்களில் எந்த வண்டியை நிறுத்தி எதை விடுவது என்ற சிக்கல் ஒற்றைத் தடத்தில் உண்டுதான். ஆனால் தூர வண்டிகள் பெரும்பாலும் ராத்திரியில் போகும்போது பகல் தடத்தில் இடம் இருக்கத்தானே செய்யும்?

திருத்துறைப்பூண்டியில் வண்டி மாறுகிறவர்களையும் பாருங்கள். அங்கிருந்து வேதாரண்யம் வழியாகப் பிரிந்து போகிற அகஸ்தியம்பள்ளிக் கிளை 37 கிலோமீட்டர், 2023 ஏப்ரலில் திறந்துவைத்தது. அந்தக் கிளையில் வருகிற வண்டியும் காரைக்குடி வண்டியும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு போகிற மாதிரி நேரம் வைத்தால்தான் வேதாரண்யத்துக்காரன் பஸ்ஸை விட்டுவிட்டு ரயிலுக்கு வருவான். 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளிய மண் அது. அங்கே உப்பளம் இன்றைக்கும் நடக்கிறது. உப்பை லாரியில் ஏற்றுகிறார்கள், பக்கத்திலேயே தண்டவாளம் இருக்கிறது. சரக்குப் பிரிவு அதிகாரி ஒருவர் ஒரு நாள் வந்து உப்பள முதலாளிகளோடு உட்கார்ந்து பேசினால் போதும்.

கேட்டுகளை எடுத்துவிட்டு சுரங்கப்பாதை போடுவது பற்றி ஒரு வார்த்தை. இது கடைமடை, ஆற்றுப் பாசனம் வந்து முடிகிற கடைசிப் பகுதி. மண்ணைக் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும். ஐப்பசி கார்த்திகையில் சுரங்கப்பாதை குளமாகிவிட்டால் பள்ளிக்கூடப் பிள்ளையும் நெல் டிராக்டரும் எந்தப் பக்கம் போவார்கள்? தண்ணீர் வடிய வாய்க்கால் எங்கே என்று வரைபடத்தில் காட்டாமல் எந்தக் கேட்டையும் மூடாதீர்கள்.

தஞ்சாவூர்–பட்டுக்கோட்டை புதுப் பாதையைப் பற்றி எழுதினால் மடல் நீளும், அது எங்கள் அப்பா காலத்துக் கோரிக்கை. பட்டுக்கோட்டைக்காரன் தன் மாவட்டத் தலைநகருக்கு ரயிலில் போக வேண்டுமென்றால் இன்றைக்கும் திருவாரூரைச் சுற்றித்தான் போக வேண்டும் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கால அட்டவணை தயாராகும்போது அந்த ஒன்பதரை மணி வண்டியை எழுதிவிடுங்கள். ஆறு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். அப்போதும் ஆள் வரவில்லை என்றால் இரண்டாவது மடல் எழுத மாட்டேன்.

இப்படிக்கு,
பழைய சீசன் டிக்கெட்காரன் ஒருவன்,
முத்துப்பேட்டை