ராசலீலை பார்த்துவிட்டு வந்தேன்

அன்புள்ள சரசு,

அரங்கேற்றம் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். முட்டிவலி தேவலையா?

ராசலீலை ஆடும் கார்த்திகை முழுநிலவான ராசப் பௌர்ணமிக்கு டாக்காவிலிருந்து மௌலவிபஜார் பக்கம் போயிருந்தோம். தேயிலைத் தோட்டங்களைத் தாண்டினால் கமல்கஞ்ச், அங்கே மணிப்பூரிகள் வாழும் மாதப்பூர். பங்களாதேஷில் ஏது மணிப்பூரிகள் என்பாய். 1819 முதல் ஏழு வருஷம் பர்மியப் படை மணிப்பூரைச் சூறையாடியதே, அப்போது தப்பி வந்தவர்களின் வம்சம்தான் பெரும்பாலும். மணிப்பூரை ஆண்ட பாக்யசந்திர மகாராஜா 1779-ல் தொடங்கிவைத்த ராசலீலையை, அதாவது கிருஷ்ணனும் கோபிகளும் ஆடும் ஆட்டத்தை, இங்கே 1842-லிருந்து ஆடுகிறார்கள்.

பகலில் ராக்கால் ஆட்டம். கிருஷ்ணன், பலராமன், மாடு மேய்க்கும் கூட்டாளிகள் எல்லாமே சின்னப் பையன்கள். ஆடும்போதே சனங்கள் பதாசா என்ற சர்க்கரை மிட்டாயும் ரூபாய் நோட்டும் வீசுகிறார்கள். ஒரு வாண்டு தாளம் தப்பாமல் காலடியில் விழுந்த பதாசாவை ஓரக்கண்ணால் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தான்!

இரவில்தான் மகாராசம், விடியும்வரை. மண்டபம் முழுக்க வெள்ளைக் காகிதத்தில் வெட்டிய பூ வேலை. கோபிகளின் பாவாடையைக் கவிழ்த்த கூடை மாதிரி விறைப்பாகத் தைத்து, கண்ணாடிச் சில்லு பதித்திருக்கிறார்கள். முகத்தில் மெல்லிய வெள்ளைத் திரை. காலில் சலங்கை கிடையாது. முகம் தெரியாத ஆட்டத்தில் அபிநயம் எங்கே என்று நீ சண்டைக்கு வருவாய். எனக்கும் முதல் ஒரு மணி நேரம் அப்படித்தான் இருந்தது. அப்புறம் மணிக்கட்டு திரும்புவதையும், பாதம் சத்தமில்லாமல் பதிவதையும், அதற்கு பூங் மேளம் பதில் சொல்வதையும் கவனிக்க ஆரம்பித்தேன். பத்து நிமிஷத்துக்கு நறுக்கி நம் சபா மேடைகளில் காட்டுவார்களே, அதில் இது பிடிபட வாய்ப்பே இல்லை. செல்போனைத் தூக்கிக்கொண்டு முன்னால் நின்றவர்களை மட்டும் நாலு சாத்து சாத்தலாம் போலிருந்தது.

இன்னொன்று. தாகூர் இந்த ஆட்டத்தைப் பார்த்து மயங்கியது இம்பாலில் இல்லை. 1919-ல், சில்ஹெட் நகரத்தை ஒட்டிய மச்சிம்பூரில். அதற்குப் பிறகுதான் திரிபுராவிலிருந்து நடன ஆசிரியர் புத்திமந்த சிங்கை சாந்திநிகேதனுக்கு வரவழைத்தார். ஊரைவிட்டு ஓடிவந்தவர்களின் முற்றத்திலிருந்துதான் மணிப்பூரி நடனம் வெளி மேடைக்குப் போயிருக்கிறது. பாடப்புத்தகத்தில் இதை ஒரு வரிகூடச் சொல்வதில்லை, எனக்கு அதில் வருத்தம்தான்.

அடுத்த வருஷம் நீயும் வா. மாதப்பூரில் விஷ்ணுப்பிரியா மணிப்பூரிகள். பக்கத்து ஆதம்பூரில் மணிப்பூரிகளிலேயே இன்னொரு பிரிவான மெய்தெய்கள், அங்கேயும் அதே இரவில் ராசம். ஆளுக்கு ஒரு ஊரில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, காலையில் டீக்கடையில் சண்டை போடலாம். ஸ்வெட்டர் எடுத்துக்கொள், பனி கொட்டுகிறது.

அன்புடன்,
கல்யாணி